அறுபத்து மூன்று நுனிகள்

பெரிய கஷ்டம் ஒன்று வந்தால் முதலில் என்ன செய்வீர்கள் என்ற கேள்விக்கு முப்பிடாதி சொன்ன பதில் அந்தத் தாளில் இல்லை. கேட்டவள் திருநெல்வேலியிலிருந்து வந்திருந்த ஒரு கல்லூரி மாணவி. எஸ்டேட்டை மூடிய பிறகு மலையிலிருந்து இறங்கியவர்கள் எங்கெங்கே போனார்கள், எப்படித் தாக்குப்பிடிக்கிறார்கள் என்று ஒவ்வொருவராய்த் தேடிப்போய் எழுதிக்கொண்டிருந்தாள். சாமி கும்பிடுவேன், அழுது தீர்ப்பேன், சொந்தக்காரர்களிடம் சொல்வேன், பொறுத்துக்கொள்வேன் என்று தாளில் நான்கு கட்டங்கள் போட்டிருந்தது.

"பையை எடுத்து வைப்பேன்" என்றாள் முப்பிடாதி.

"அப்புறம்?"

"அப்புறம் என்ன, பஸ்ஸுதான்."

மாணவி சிரித்தாள். பிறகு இது கேலி இல்லை என்று தெரிந்ததும் சிரிப்பை நிறுத்தி, 'மற்றவை' என்று இருந்த இடத்தில் சின்ன எழுத்தில் எழுதிக்கொண்டாள். இவ்வளவு நேரமும் முப்பிடாதி உட்காரவில்லை. பெருக்கிய முற்றத்தையே மறுபடியும் பெருக்கியபடிதான் பதில் சொல்லிக்கொண்டிருந்தாள்.

நீல ரெக்ஸின் பை அது. அடியில் மகள் பிரியதர்ஷினியின் சான்றிதழ்கள் பிளாஸ்டிக் உறைக்குள். அதன் மேல் ரேஷன் கார்டும் ஆதாரும். மரம் விழுந்து செத்துப்போன புருஷனின் போட்டோ. ஆளுக்கு நான்கு துணி. கடைசியில் ஒரு தூக்குச்சட்டி. எதை முதலில் வைப்பது, எதைக் கடைசியில் திணிப்பது என்பது அவள் கைக்குப் பழகியிருந்தது. ஏழு நிமிடம் போதும்.

அவள் பிறந்ததே மலையில்தான். வரிசையாய்க் கட்டிய எஸ்டேட் வீடுகளில் ஒன்றில் பிறந்து, எட்டாம் வகுப்போடு படிப்பை நிறுத்தி, பதினேழு வயதில் முதுகில் கூடையை மாட்டியவள். முப்பது வருஷம் தேயிலை பறித்தாள். ரெண்டு இலையும் ஒரு மொட்டுமாய், இரண்டு கையாலும் ஒடித்து, பார்க்காமலே தோளுக்கு மேலே பின்னால் எறிந்தால் கூடைக்குள் விழும். கண் மழையைப் பார்க்கும், வாய் பக்கத்து வரிசைக்காரியோடு சண்டை போடும், கை தன் வேலையைப் பார்க்கும். கை ஓடுவதை அவள் ஒரு நாளும் கவனித்ததில்லை.

எஸ்டேட்டை மூடப்போவதாகப் பேச்சு அடிபட்டபோது எல்லோரும் நம்பினார்கள், முப்பிடாதி நம்பவில்லை. மலை எங்கே போய்விடும் என்று சொல்லிக்கொண்டிருந்தாள். ஒரு நாள் வீட்டு வாசலில் நின்று போகச் சொன்னார்கள். அன்றைக்கு அவளிடம் பை இல்லை. தர்ஷினியின் புத்தகங்களைச் சாக்கில் அள்ளிப்போட்டு லாரியில் ஏற்றியதில் பாதி மழையில் ஊறிப்போனது. அடுப்பில் உலை கொதித்துக்கொண்டிருந்தது. அந்தச் சோற்றை வடிக்காமலே இறங்கி வந்தாள். கீழே வந்த முதல் வாரத்தில் வாங்கியதுதான் இந்தப் பை.

அதற்குப் பிறகு அவளை யாரும் போகச் சொன்னதில்லை. சொல்லும்படி அவள் விட்டதே இல்லை. களக்காட்டில் நாத்தனார் வீட்டில் இருந்துகொண்டு வாழைத்தார் சுமந்தாள். ஒரு நாள் நாத்தனார் சட்டியைக் கொஞ்சம் ஓசையாய் வைத்தாள். மறுநாள் விடியும் முன் முப்பிடாதி பையோடு பஸ் நிறுத்தத்தில் நின்றாள். திருநெல்வேலியில் கல்யாண மண்டபத்தில் பாத்திரம் துலக்கினாள். மேனேஜர் புது ஆள் ஒருத்தியைக் கூட்டி வந்தார், அது போதுமாக இருந்தது. முக்கூடல் பக்கம் பீடி சுற்ற உட்கார்ந்தாள். உட்கார்ந்தே இருப்பது அவளால் ஆகவில்லை. கால் இரண்டும் ஆடிக்கொண்டே இருக்க, இலை நறுக்குகிற தட்டு கவிழ்ந்தது. ஸ்ரீவைகுண்டத்தில் நாற்று நட்டாள். ஒன்றரை வருஷத்தில் ஐந்தாவது இடம்தான் ஆத்தூர்.

தர்ஷினி இதற்குள் மூன்று பள்ளிக்கூடம் மாறியிருந்தாள். அவள் இப்போது பிளஸ் டூ. மூன்றாவது பள்ளிக்கூடத்தில் சேர்க்கும்போதே தலைமையாசிரியை கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்: இனி மாற்றினால் பரீட்சை கிடையாது. பரீட்சைக்குப் பெயர்ப் பட்டியல் போயாகிவிட்டது. மார்ச் மாதம் வரை இங்கேதான். கொடிக்கால்காரர் பெருமாள்ராஜ் கொடுத்த அறையில்தான் இருவரும் இருந்தார்கள். வேலை போனால் அறை போகும். அறை போனால் பள்ளிக்கூடம் போகும். இது முப்பிடாதிக்கு மனப்பாடம். மார்கழி பிறந்ததிலிருந்து விரல் விட்டு வாரங்களை எண்ணிக்கொண்டிருந்தாள்.

கொடிக்கால் என்பது வெற்றிலைத் தோட்டம். அகத்தி மரங்களை வரிசை வரிசையாய் வளர்த்து, அதில் வெற்றிலைக் கொடியை நார் போட்டுக் கட்டி ஏற்றுவார்கள். வரிசைக்கு வரிசை நடுவில் வாய்க்கால். உள்ளே செருப்பு போட்டுப் போகக் கூடாது. கோயில் மாதிரி என்பார்கள். முதல் நாள் அது தெரியாமல் செருப்போடு இறங்கி வாங்கிக் கட்டிக்கொண்டாள். வெறுங்காலோடு நடக்கவும் அவளுக்கு வரவில்லை. மலையில் அட்டை கடிக்கும். அதனால் பத்து எட்டுக்கு ஒரு தரம் குனிந்து கணுக்காலைத் தடவிப் பார்ப்பாள். அதைப் பார்த்துப் பார்த்துச் சிரித்தவள் ஸ்வீட்லின்.

பறிக்கிற ஆட்களுக்கு மேஸ்திரி மாதிரி ஸ்வீட்லின். முப்பது வயதுதான், புன்னக்காயலில் பிறந்து இங்கே வாக்கப்பட்டவள். இரண்டு வருஷத்துக்கு முந்திய வெள்ளத்தில் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு இரண்டு நாள் மொட்டைமாடியில் இருந்தவள். கேட்டால், "ஆறு எங்க வீட்டுக்கு விருந்துக்கு வந்துச்சு, சாப்பிட்டுட்டுப் பாத்திரத்தையும் கொண்டு போயிட்டு" என்பாள். அதற்கு மேல் அந்தப் பேச்சை எடுக்க மாட்டாள். பெருமாள்ராஜின் கொடிக்காலில் பாதியும் அதே வெள்ளத்தில்தான் போனது. முழங்கால் உயரத்துக்கு மணல் மூடியதாம். நாற்பது நாள் அவர் இந்தப் பக்கமே வரவில்லை, நாற்பத்தொன்றாம் நாள் மண்வெட்டியோடு வந்து தனியாக மணல் அள்ள ஆரம்பித்தார் என்று ஸ்வீட்லின் சொல்லியிருந்தாள்.

மணல் அள்ளிய அந்த இடத்தில் மறுபடி அகத்தி விதைத்து, போன ஆடியில் கொடி நட்டிருந்தார். இப்போது அது மார்பளவுக்கு ஏறியிருந்தது. அந்தப் புதுக்கொடியில் முதல் பறிப்பு மார்கழி மூன்றாம் வாரம். முதலில் பறித்த வெற்றிலையை ஊர் அம்மனுக்குக் கொண்டுபோய் வைப்பது வழக்கம். பெருமாள்ராஜ் அதை வாழையிலையில் சுற்றிக்கொண்டு விடிந்ததும் கோயிலுக்குப் போய்விட்டார். போகும் முன் அவர் சொன்னதை ஸ்வீட்லின் இன்னொரு தரம் சொன்னாள்: கீழே முற்றிய இலை மூன்று மட்டும் காம்போடு எடுக்க வேண்டும், நுனியைத் தொடவே கூடாது, நுனி போனால் கொடி ஏறாது.

முப்பிடாதிக்கு அது தெரியும். பழைய கொடியில் இரண்டு மாதமாகப் பறிக்கிறாள். ஒவ்வொரு இலைக்கும் தன் கையையே பார்த்து, திருட்டுப் பூனையைக் காவல் காப்பது மாதிரி காத்துத்தான் பறித்தாள். அதனாலேயே மற்றவர்கள் இரண்டு வரிசை முடிக்கும்போது அவள் ஒன்றுதான் முடிப்பாள்.

அன்றைக்குப் பார்த்து ஆற்றிலிருந்து பனி ஏறி வந்தது. அகத்திக்கு நடுவே வெள்ளையாய் நின்று, பக்கத்து வரிசையை மறைத்தது. குளிர். ஈர மண் வாடை. கொடி சரியாக மார்பளவு, தேயிலைச் செடி நிற்கிற உயரம். கீழே வந்த நாளாய் நெஞ்சுக்குள் ஓடிக்கொண்டிருந்த மோட்டார் ஒன்று நின்றுபோனது போல இருந்தது அவளுக்கு. வாரக் கணக்கு மறந்தது. பை மறந்தது. பனிக்கு அந்தப் பக்கத்திலிருந்து ஸ்வீட்லின் ஏதோ மீன்குழம்பைப் பற்றிச் சொல்ல, இவளும் பதில் சொன்னாள், சிரிக்கக்கூடச் செய்தாள். வரிசையின் கடைசிக்கு வந்தபோது இவ்வளவு சீக்கிரம் முடித்துவிட்டோமே என்று சந்தோஷமாகத் திரும்பினாள்.

இடுப்பில் கட்டியிருந்த துணிப்பை காலியாகத் தொங்கியது.

வாய்க்கால் தண்ணீரில், நடந்து வந்த வழியெல்லாம், இளம்பச்சையாய்ச் சின்னச் சின்ன நுனிகள் மிதந்துகொண்டிருந்தன. இரண்டு கையாலும் ஒடித்து, தோளுக்கு மேலே பின்னால், இல்லாத கூடைக்கு எறிந்திருக்கிறாள்.

குனிந்தாள். முட்டளவு தண்ணீரில் ஒவ்வொன்றாய்ப் பொறுக்கி மடியில் போட்டாள். ஒன்று கையில் சிக்காமல் நழுவி நழுவி ஓடியது. அப்போது பனியை விலக்கிக்கொண்டு ஸ்வீட்லின் எட்டிப் பார்த்தாள்.

"என்னக்கா, தண்ணிக்குள்ளயும் அட்டை தேடுதீயளோ?"

"ஆமா பிள்ள, அட்டைதான்" என்றாள் முப்பிடாதி. ஸ்வீட்லின் சிரித்துவிட்டுப் போனாள்.

வயிற்று வலி என்று சொல்லி அறைக்கு வந்து எண்ணினாள். அறுபத்து மூன்று. அந்த வரிசை மொத்தமும். தூக்குச்சட்டியில் தண்ணீர் ஊற்றி நுனிகளை அதில் போட்டாள். அவற்றைத் தூர எறிய ஏனோ கை வரவில்லை. பையை எடுத்தாள். ஏழு நிமிடம்கூட ஆகவில்லை. தூக்குச்சட்டியை மட்டும் இந்தத் தடவை திணிக்க முடியாமல் கையில் பிடித்துக்கொண்டாள்.

மத்தியானச் சாப்பாட்டு மணி அடிக்கும் நேரம் பள்ளிக்கூட வாசலில் நின்றாள். தர்ஷினியைக் கூப்பிட்டனுப்பினாள். அவள் வந்து அம்மாவைப் பார்க்கவில்லை, பையைத்தான் பார்த்தாள்.

"இப்ப எந்த ஊரும்மா?" என்று கேட்டாள்.

ஏன் என்று கேட்டிருந்தால் முப்பிடாதியிடம் பதில் இருந்தது. இந்தக் கேள்விக்குத் தடுமாறி, புன்னக்காயலில் ஐஸ் கம்பெனியில் ஆள் எடுக்கிறார்களாம், பரீட்சைக்கு அங்கிருந்து பஸ்ஸில் வந்து போகலாம் என்று அவசரமாகக் கோர்த்துச் சொன்னாள். தர்ஷினி கேட்டுக்கொண்டாள். பிறகு தூக்குச்சட்டியைத் திறந்து பார்த்தாள்.

"என்னது இது?"

"புதுக்கொடி நுனி. ஏட்டி, நான்தான் ஒடிச்சேன். தெரியாம இல்ல... கை ஓடிட்டு."

"யாரும் பாத்தாங்களா?"

"இல்ல."

"அப்பம் ஸ்வீட்லின் அக்காவைத்தான் கேப்பாரு. அவங்கதானே பொறுப்பு."

இது முப்பிடாதிக்குத் தோன்றியிருக்கவில்லை. தோன்றியிருந்தும் அதைப் பையின் அடியில் போட்டு மேலே துணியை வைத்திருந்தாளோ என்னவோ. வாசலில் நின்ற பாதாம் மரத்தின் இலை ஒன்று இருவருக்கும் நடுவில் விழுந்தது. தர்ஷினி அதைக் காலால் தள்ளினாள்.

"நீ போம்மா. நான் வரல" என்றாள். குரலில் கோபம் இல்லை. "மலையில இருந்து வந்தப்ப என் புஸ்தகம் நனைஞ்சுதுல்லா, அதை நான் வெயில்ல காயவச்சுத்தான் படிச்சேன். களக்காட்டுலயும் படிச்சேன், மண்டபத்துல பந்தி நடக்கும்போது படிச்சேன். நீ போற எடத்துக்கெல்லாம் பின்னாலயே படிச்சிக்கிட்டு வந்தேன். இனி முடியாது. பரீட்சை வரைக்கும் யாரு வீட்டுலயாவது இருந்துக்கிடுதேன்."

மணி அடித்தது. அவள் திரும்பிப் பார்க்காமல் உள்ளே போனாள்.

புன்னக்காயல் பஸ் வந்து நின்றது. கண்டக்டர் பையைப் பார்த்துவிட்டு, "ஏறுதியளா, மெள்ள ஏறுங்க" என்றார். முப்பிடாதியின் கை கம்பியைப் பிடித்தது. கையை நம்பக் கூடாது என்று காலையில்தான் தெரிந்திருந்தது. விட்டாள். பஸ் போய்விட்டது. அடுத்த பஸ் எத்தனை மணிக்கு என்று கேட்க வாய் வந்தது, அதையும் விழுங்கினாள்.

அங்கே நின்றபடி ஒன்றைத் திரும்பத் திரும்ப யோசித்தாள். ஐந்து இடத்தில் யாராவது ஒருவர் 'போ' என்று சொல்லியிருக்கிறார்களா? மலையில் சொன்னதோடு சரி. அந்தச் சொல்லை இன்னொரு தரம் கேட்கக் கூடாது என்றே இவ்வளவு தூரம் ஓடியிருக்கிறாள். சட்டி சத்தத்துக்கு ஓடியிருக்கிறாள், புது ஆளின் முகத்தைப் பார்த்து ஓடியிருக்கிறாள். இன்றைக்குப் போய் நின்றால் நிச்சயம் சொல்லிவிடுவார்கள். சொன்னால் என்ன ஆகும் என்று நினைத்துப் பார்க்க முயன்றாள். நினைப்பு அந்தச் சொல்லைத் தாண்டிப் போகவில்லை. ஆனாலும் கால் கொடிக்கால் பக்கம் நடந்தது. அவள் தள்ளித்தான் நடந்தது.

மோட்டார் அறை வாசலில் பெருமாள்ராஜ் கோயில் திருநீறு நெற்றியில் இன்னும் அழியாமலிருக்க நின்றிருந்தார். எதிரே ஸ்வீட்லின். முகம் சிவந்திருந்தது. அவர் ஏற்கெனவே வரிசையைப் பார்த்துவிட்டார் என்று தெரிந்தது. ஆடு மேய்ந்ததா, புழு வெட்டியதா என்று கேட்டுக்கொண்டிருந்தார். ஆடு உள்ளே வர வழியில்லை என்று அவள் சொல்லிக்கொண்டிருந்தாள்.

முப்பிடாதி பையைக் கீழே வைத்தாள். தூக்குச்சட்டியைத் திறந்து அவர் முன்னால் நீட்டினாள்.

"ஆடு இல்ல அண்ணாச்சி. நான்தான். அறுபத்து மூணும் இதுல இருக்கு."

ஸ்வீட்லின் சட்டியைப் பார்த்தாள், பையைப் பார்த்தாள். "அட்டைன்னு சொன்னீயளே" என்றாள். "நானும் சிரிச்சுட்டுப் போனேன்."

பெருமாள்ராஜ் ஒரு நுனியை எடுத்து, ஒடிந்த இடத்தை வெளிச்சத்தில் காட்டிப் பார்த்தார்.

"நகத்தால கிள்ளுனியா, ஒடிச்சியா?"

"ஒடிச்சேன். தேயிலையில நகம் வைக்கப்பிடாது, காயம் பட்டுரும்."

"எந்த எடத்துல?"

"ஒரு இலையை விட்டு, அதுக்கு மேல."

அவர் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே இறங்கினார். முப்பிடாதியும் பின்னால் போனாள். முதல் கொடியிலிருந்து அவர் ஒவ்வொன்றாய்ப் பார்த்தார்; ஒடிந்த நுனி, அதன் கீழ் இலை, இலையும் தண்டும் சேருகிற கணு. விரலால் தொட்டார், அடுத்ததற்குப் போனார். அரை மணி நேரம் ஆகியிருக்கும். அந்த அரை மணியில் முப்பிடாதி மூன்று தரம் கணுக்காலைத் தடவினாள். சீக்கிரம் சொல்லித் தொலைத்தால் என்ன என்று இருந்தது. நாற்பதாவது கொடியில் அவர் நின்று இருமினார். இதோ என்று நினைத்தாள். இருமிவிட்டு அடுத்ததற்குப் போனார்.

கடைசிக் கொடி வந்ததும் அவளே கேட்டுவிட்டாள். "நான் போகணுமா அண்ணாச்சி?"

வாழ்க்கையில் முதல் தரமாக அதை வாய்விட்டுக் கேட்டாள்.

"எங்க போவ?" என்றார் அவர், எரிச்சலாக. "போயிட்டா இதை யாரு பாக்கது? ஒரு மாச வளர்ச்சி போச்சு, போனது போச்சு. ஒடிச்சது சுத்தமாத்தான் ஒடிச்சிருக்கே. கணு முழிச்சா பக்கத்துல துளிர் வெடிக்கும். வெடிச்சதுல நல்லதா ஒண்ணை விட்டு, மத்ததை எடுத்துட்டு, நார் போட்டு ஏத்திக் கட்டணும். அது மேல போற வரைக்கும் நீ இலையில கை வைக்கப்பிடாது. கட்டுத வேலை, தண்ணி பாய்ச்சுத வேலை. அவ்வளவுதான்."

"வெடிக்காட்டி?"

அவர் கையிலிருந்த நுனியை அவள் சட்டிக்குள்ளேயே திருப்பிப் போட்டுவிட்டுப் போனார்.

மறுநாளிலிருந்து முப்பிடாதி விடிந்ததும் அந்த வரிசையில்தான் நின்றாள். ஒவ்வொரு கணுவாய்ப் பார்ப்பாள். பார்த்து முடித்து மறுபடி முதலில் இருந்து பார்ப்பாள். ஸ்வீட்லின் ஒரு வாரம் அவளோடு பேசவில்லை. எட்டாம் நாள் வாழைநாரை எடுத்து வந்து, கேட்காமலே முப்பிடாதியின் வலது கட்டைவிரலில் இரண்டு சுற்றுச் சுற்றி முடிச்சுப் போட்டாள். "கை ஓடுனா நார் இழுக்கும். அப்பம் ஞாபகம் வரும்" என்றாள். சிரிக்கவில்லை. முடிச்சு இறுக்கமாகவே இருந்தது.

பத்தொன்பதாம் நாள் ஏழாவது கொடியில் அரிசி முனை அளவுக்கு ஒன்று வெளியே வந்தது. அதைப் பார்த்ததும் முப்பிடாதிக்குச் சந்தோஷம் வரவில்லை, மற்ற அறுபத்திரண்டும் என்ன ஆகும் என்ற பயம்தான் கூடியது. அடுத்த இரண்டு வாரத்தில் பெரும்பாலானவை வந்தன. இரண்டு வரவே இல்லை, கருத்துக் காய்ந்தன. அந்த இரண்டு அகத்தியையும் தாண்டும்போது அவள் இன்றைக்கும் வேகமாகத் தாண்டுவாள்.

பரீட்சை முதல் நாள் காலையில் தர்ஷினி சீருடைத் துப்பட்டாவில் குத்த ஊக்கு தேடினாள். ஊக்கு நீலப் பையின் பக்கவாட்டு அறைக்குள் இருந்தது. பை இன்னும் மூட்டை கட்டியபடியே சுவரோரம் நின்றிருந்தது. தேவைப்பட்டதை மட்டும் எடுத்துவிட்டு, துவைத்ததும் திரும்ப உள்ளேயே வைத்துக்கொண்டிருந்தாள் முப்பிடாதி, இத்தனை வாரமும்.

"இதைப் பிரிச்சு வச்சிருவமாம்மா?" என்று கேட்டாள் மகள்.

முப்பிடாதி பையைப் பார்த்தாள். கட்டைவிரல் நாரைத் திருகினாள்.

"இருக்கட்டும். பரீட்சை முடியட்டும்" என்றாள். பிறகு தூக்குச்சட்டியை மட்டும் வெளியே எடுத்து, மகளுக்குச் சோறு கட்டிக் கொடுத்தாள். தர்ஷினி தெருமுனை திரும்பும் வரை வாசலில் நின்றாள். திரும்பியதும் நாலு எட்டு பின்னாலேயே போய், தன்னையே பிடித்து நிறுத்தி, செருப்பைக் கழற்றி ஓரமாய் வைத்துவிட்டு வரிசைக்குள் இறங்கினாள். அறுபத்தொரு கொடியும் அவள் தலைக்கு மேலே போயிருந்தன. புது நார் போட வேண்டிய உயரம். கையை மேலே நீட்டி, நாரை வளைத்து, நுனியைத் தொடாமல் முதல் முடிச்சைப் போட்டாள்.